ஐந்தாம் நாள் மழை

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருவர் செல்போனில் சென்னை டெஸ்ட் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நாலாம் நாள் ஆட்டம்.

“நாளைக்கு மழை பெஞ்சா நாம தோக்க மாட்டோம் மாமா. ஆனா என் கதை முடிஞ்சது,” என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

“மெட்ராஸ்ல பெஞ்சா ஒனக்கென்ன மாப்ள?”

“இங்கனயும் பெய்யும்னு சொல்லிட்டாக. பந்தல்ல திராட்சை பழுத்து நிக்குது. மழை பட்டா பூராம் வெடிச்சுப் போகும்.”

“முன்னாடியே வெட்டிருக்கலாம்ல?”

“மேட்ச் தொடங்குன மொத நாளே வெட்ட வாரேன்னு வியாபாரி சொன்னாக. நாந்தான், பந்து நல்லாத் திரும்பும், மேட்ச் மூணு நாள்ல முடிஞ்சிரும், பாத்துட்டு வெட்டுவோம்னேன். இன்னைக்குக் கூப்பிட்டா வேற தோட்டத்துல இருக்காகளாம்.”

“பந்து எங்க திரும்புச்சு? பிட்ச்சு தார் ரோடு மாதிரியில்ல கெடக்கு.”



சின்னமனூர் தாண்டியதும் மலையைக் காணவில்லை. மேகம் அடிவாரம்வரை இறங்கியிருந்தது.

“இந்தா பாரு, நம்மாளு செஞ்சுரி போட்டுட்டான்,” என்று மாமா போனை நீட்டினார்.

அவர் அதைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். பிறகு உள்ளே இழுத்து, ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.