ஒரு சொல்லும் பேசவில்லை

21 நவம்பர் 2007, புதன்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். மேரி அக்காவின் மிஸ்டு காலை எடுத்துவிட்டேன்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. வகுப்பு முடிந்ததும் செகந்திராபாத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வருவோம். லோத்குண்டாவில் அவரோடு நானும் இறங்கி, ராணுவ மதிலை ஒட்டி நடந்து, அவரை அவருடைய சந்து முனையில் விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து அல்வாலுக்கு வந்துவிடுவேன். அவர் பக்கத்து வீட்டில் சாவி வாங்கி, அங்கே நின்று அரட்டை அடித்து, ஒருவழியாக உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் எனக்கு ஒரு ரிங் விடுவார். நான் எடுக்கக் கூடாது. எடுத்தால் அவருக்கு ஒரு ரூபாய் போய்விடும்.

இன்று கை தவறி எடுத்துவிட்டேன்.

“கைக்கும்மா, எதுக்கு எடுத்த? என் ரூவா காலி. கம்பெனி பஸ்ல போறவளுக்கு ஏழை காசுதான் கெடச்சுதா?” என்று சிரித்தார்.

சிரிப்பு சட்டென்று நின்றது. அது ஏன் நின்றது என்று எழுத வேண்டுமானால் முதலிலிருந்துதான் எழுத வேண்டும். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள், நியாயம் பிறகு தானாக வரும் என்று இர்பான் சார் வகுப்பில் சொல்வார். எனக்கு வரிசையாக எழுத வருமா என்று தெரியவில்லை. முயற்சி செய்கிறேன்.

பகலில் கச்சிபௌலியில் ஒரு கம்பெனியில் காப்பீட்டுப் படிவங்களைக் கணினியில் ஏற்றுகிறேன். மாலையில் இர்பான் சார் நடத்தும் மனித உரிமைச் சான்றிதழ் வகுப்பு. விருதுநகரிலிருந்து வந்து ஒன்றரை வருடமாகிறது. வகுப்பில் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஆறு மணிக்கு மேல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளிருக்கும் ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தேன்.

ஆரோக்கியமேரி அக்கா, வகுப்பு நடக்கும் சாரின் அலுவலகத்துக்கு வருபவர். ரயில்வே ஒர்க்‌ஷாப் குடும்பம். தாத்தா காலத்திலேயே இங்கு வந்தவர்கள். கச்சிபௌலியில் எழும்பும் அடுக்குமாடிகளில் விழுந்து சாகும் கட்டடத் தொழிலாளிகளுக்காக அலைவார். இந்த வருடம் அவர் கையிலிருந்தது ராஜியின் வழக்கு. ராஜியின் கணவன் பன்னிரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தான். அப்படி ஒரு ஆளே எங்களிடம் வேலை பார்க்கவில்லை என்றான் காண்டிராக்டர். பார்த்தான் என்று சொல்ல ராஜி ஒருத்திதான் இருந்தாள். அதே கட்டடத்தில் சித்தாள். வழக்கு வென்றால் இன்னும் நான்கு குடும்பங்கள் கேட்க வரும் என்று அக்கா சொல்வார்.

ஜூலையில் அக்காவுக்கு மிரட்டல் வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன் வாசலில் வந்து நின்று, “லிஃப்ட் இல்லாத மாடி நிறைய இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனான். அப்போதுதான் சார் இந்த ஏற்பாட்டைச் செய்தார். துணைக்கு யார் போகிறீர்கள் என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

அந்த இரண்டு மாதங்களைப் பற்றி அதிகம் எழுதத் தெரியவில்லை. பஸ்ஸில் அக்கா எனக்கு ஜன்னலோர இடம் பிடித்து வைப்பார். வேர்க்கடலையை உரித்து என் கையில் போடுவார். “நீ எனக்குக் காவலா, நான் உனக்குக் காவலா? காத்தடிச்சா பறந்துடுவ போல இருக்க” என்பார். யாராவது முறைத்தால், “ஹவ், ஆமா, என் பாடிகார்டுதான். கராத்தே தெரியும்” என்று என்னைக் காட்டுவார்.

சார் போலீஸில் எழுதிக் கொடுத்த பிறகு அந்த ஆள் வரவில்லை. செப்டம்பர் கடைசியில் சார், “இனிமே துணை வேண்டாம் சௌம்யா, உனக்கும் சிரமம்” என்றார். சிரமமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா, “பொழைச்சுப் போ, உனக்கு விடுதலை” என்று முதுகில் தட்டினார். வீடு போய்ச் சேர்ந்ததும் ரிங் விடும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை.

அடுத்த வாரம் தனியாக வந்தேன். ஜன்னலோரத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். ஆபத்து முடிந்துவிட்டது என்று சார் எப்படி முடிவு செய்தார் என்று யோசித்தேன். அவசரப்பட்டுவிட்டார் என்றே பட்டது. ஒருவர் கவனமாக இருக்க வேண்டுமானால் அவருக்கு நினைவூட்டல் தேவை.

என் அறைக்குக் கீழே ஒரு மாவு மில். அதன் வாசலில் காசு போடும் போன் தொங்குகிறது. அதிலிருந்து கூப்பிட்டேன். ஒரு சொல்லும் பேசவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். மிரட்டல் என்றால் சொல் வேண்டும். நான் சும்மா போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா “யாருப்பா?” என்றார், பிறகு “யார்ரா?” என்றார், பிறகு வைத்துவிட்டார். மூன்றாவது தடவைக்குப் பிறகு சார் என்னை மறுபடி துணைக்குப் போகச் சொன்னார்.

அக்கா வெளியே இருக்கும்போது ஒருபோதும் கூப்பிட்டதில்லை. தெருவில் இருப்பவரைப் பயமுறுத்துவது நியாயமில்லை. அவருடைய மிஸ்டு கால் வந்து, பத்திரமாக உள்ளே போய்விட்டார் என்று தெரிந்த பிறகுதான் காசு போடுவேன்.

இந்த மாதம் வழக்கு நெருங்கியது. அக்கா பாதி நாள் ராஜியின் தகரக் கொட்டகையிலேயே தங்கினார். ராஜிக்குப் பயம், அதனால் துணை என்றார். ராஜிக்குக் காண்டிராக்டர் நேரடியாகத் தொல்லை கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. நான் தனியாக பஸ்ஸில் வந்தேன். சனிக்கிழமை அக்கா சர்ச் வேலையாக வீட்டுக்கு வந்திருந்தபோது ராஜியைக் கூப்பிட்டேன். கணவனின் செல்லைத்தான் அவள் வைத்திருந்தாள்.

அவள் யார் என்று கேட்கவில்லை. சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அண்ணா, புள்ளையை மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்கண்ணா” என்றாள். பிறகு அதையே மறுபடி சொன்னாள். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் குரல் தெரிந்திருக்கும். காசு தீர்ந்து தானாகவே கட்டாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ராஜி, காண்டிராக்டர் நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தாள். அவள் கணவன் அங்கே வேலை பார்க்கவில்லை என்று அதில் எழுதியிருந்ததாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டாள். அக்கா அப்போதும் விடவில்லை. வெள்ளிக்கிழமை விசாரணையில் அந்தக் கைநாட்டு பயமுறுத்தி வாங்கியது என்று சொல்வேன், ராஜியை ஊரிலிருந்து கூட்டி வருவேன் என்றார். நேற்றிலிருந்து மறுபடி என்னோடு பஸ்ஸில் வருகிறார்.

இனி இன்றைய தவறு. மில் வாசலில் நின்று அக்காவின் மிஸ்டு காலுக்காகக் காத்திருந்தேன். ஒரு கையில் செல், மறு கையில் காசு. மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள், தும்மல் வந்தது, பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டேன்.

“சௌம்யா, எங்க நிக்குற?” என்றார் அக்கா. குரல் மாறியிருந்தது.

“ரூமுக்குக் கீழதான்க்கா.”

“அது என்ன சத்தம்? கிர்ணியா?” மாவு மில்லை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். “பெல்ட்டு அறுந்த மாதிரி டப்பு டப்புன்னு அடிக்குதே. அந்தப் பாவி போன் பண்றப்ப எல்லாம் பின்னாடி இதே சத்தம்தாம்மா.”

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். உண்மையில் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

“உன் வீட்டு வாசல்லயே வந்து நின்னுருக்கான்” என்றார் அக்கா. “நீ கடைக்குள்ள போயிடு. நகராத. தோ வரேன்.”

கால் மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார். மழையில்லை, ஆனால் கையில் குடை. கம்பியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் அடிக்கக் கொண்டுவந்தது என்று தெரிந்தது. மில்லை மூடிவிட்டிருந்தார்கள். “ஹெல்மெட் போட்டவனா? பாத்தியா?” என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

முதல் முறையாக என் அறைக்கு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து, வெகுநேரம் குடையின் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“எனக்குன்னா, நக்கோ, வேணாம் போடான்னு இருப்பேன்” என்றார். “என்னை என்ன பண்ணிடுவானுங்க. ராஜியைத் தொரத்துனானுங்க, அப்பவும் விடல நான். ஆனா நீ ஊரான் வூட்டுப் புள்ள. உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

பிறகு என் முன்னாலேயே சாரைக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை வரமாட்டேன் என்றார். ராஜியைத் தேடிப் போகப் போவதில்லை என்றார். அந்த நான்கு குடும்பங்களுக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார். சார் ஏதோ கேட்டார். “வுட்டுட்டேன் சார்” என்று மட்டும் சொன்னார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. முகத்தைத் துடைக்கத் துண்டு கொடுத்தேன்.

உன்னைத் தனியாக விடமாட்டேன், இனி இங்கேயே இருக்கிறேன் என்றார். என்னை உள்ளே தாழிட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, துணிமணி எடுத்து வர இப்போது என் பக்கத்து வீட்டுப் பையனுடன் போயிருக்கிறார்.

வரிசையாக எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன். அக்காவுக்கும் ராஜிக்கும் போன் செய்தது நான்தான். திரும்பப் படித்தால் சில இடங்களில் நான் சரியாக நடந்துகொள்ளவில்லையோ என்று சந்தேகம் வருகிறது; ஆட்டோவுக்கு அக்காவே பணம் கொடுத்தார், நான் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் நான் கையைத் தூக்கியது அவரைப் பத்திரமாக வைத்திருக்க. இன்றைக்கு அவர் பத்திரமாக இருக்கிறார். அவர் எண்ணைக் கச்சிபௌலியில் ஒவ்வொரு கொட்டகைத் தகரத்திலும் கரியால் எழுதி வைத்திருக்கிறார்கள். யார் யாரோ, எந்த நேரத்திலும் கூப்பிடுகிறார்கள். அதைத்தான் சார் கடைசிவரை கவனிக்கவில்லை.

நாளை: மதிய இடைவேளையில் அக்காவுக்குப் புது சிம் வாங்க வேண்டும். எண்ணை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது.