மூன்றாம் சேனல்

பழைய வாக்கி டாக்கியில் வரும் கோளாறு பாதிக்கு மேல் பேட்டரியில்தான் இருக்கும். பேட்டரியைக் கழற்றி, பித்தளை முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டினால் செட் பேச ஆரம்பித்துவிடும். இது தெரியாமல் ஜனங்கள் காஞ்சிபுரம் முழுக்க அலைந்துவிட்டு என் கடைக்கு வருவார்கள். நான் அவர்கள் கண்ணெதிரேயே தேய்த்துக் கொடுத்து அனுப்பிவிடுவேன். இருபத்திரண்டு வருடமாக யாரையும் ஏமாற்றியதில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் சார்.

ஷாரோனின் செட்டிலும் முதல் தடவை அதுதான் கோளாறு. இரண்டு நிமிட வேலை. தடுப்பணை, கால்வாய் கட்டும் ஒப்பந்தக் கம்பெனியில் அவள் சூப்பர்வைசர். சேறு படிந்த ஷூவை மாடிப்படியின் கீழேயே கழற்றிவிட்டு ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு ஏறி வந்தாள். வேலை முடிந்ததும் கேட்டாள்.

"அண்ணா, வாலாஜாபாத் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குது. இங்கயே உக்காந்து சாப்ட்டுக்கட்டுமா?"

சாப்பிட்டாள். டிபன் பாக்ஸின் மூடியில் கொஞ்சம் புளிசோறும் ஒரு துண்டு முட்டையும் வைத்து என் பக்கம் நகர்த்தினாள். வேண்டாம் என்றேன். "எங்கம்மா மேரி சமைச்சது. வேணான்னா கோச்சிக்கும்" என்றாள். என் மனைவி பிரிந்து போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு வீட்டுச் சோறு என்று நான் சாப்பிட்டது அதுதான்.

மறுமாதம் அவள் வந்தபோது உண்மையாகவே செட்டுக்குள் எழுதியிருந்த டோன் எண் கெட்டிருந்தது. இந்த ரகச் செட்டுகளுக்கு உள்ளே எதையும் திருகி மாற்ற முடியாது. கம்ப்யூட்டர் வழியாக எழுத வேண்டும். அந்த மென்பொருள் புதுக் கம்ப்யூட்டரில் ஓடாது என்பதால் ஒரு பழைய லேப்டாப்பை அதற்காகவே வைத்திருக்கிறேன். செட்டைக் கேபிளில் மாட்டினால் 'செட் பதில் தரவில்லை' என்று திரையில் வரும். கேபிளைப் பிடுங்கி மாட்ட வேண்டும், போர்ட் எண்ணை மாற்ற வேண்டும், வேகத்தைக் குறைக்க வேண்டும். ஐந்தாவது, ஆறாவது முயற்சியில் செட் வாய் திறக்கும். அன்று அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் அவள் எதிரே உட்கார்ந்து தன் அப்பா தாவீதைப் பற்றியும் மண்ணைக் கொட்டிவிட்டு ஓடிப்போகும் லாரிக்காரர்களைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தாள். அவள் போன பிறகு கடை எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

டோன் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். செட்டில் பேசும்போது காதுக்குக் கேட்காத ஒரு மெல்லிய முனகலும் குரலோடு சேர்ந்து போகும். அந்த முனகல் சரியான எண்ணில் வந்தால்தான் எதிர்முனைச் செட் ஸ்பீக்கரைத் திறக்கும். எண் தவறினால் குரல் வந்து சேரும், ஸ்பீக்கர் திறக்காது. அனுப்பும் டோனை மட்டும் மாற்றி எழுதிவிட்டால், அந்தச் செட்டை வைத்திருப்பவருக்கு மற்றவர்கள் பேசுவதெல்லாம் கேட்கும். அவர் பேசுவது யாருக்கும் கேட்காது.

அவர்கள் கம்பெனிக்கு மூன்று சேனல். முதலாவது ஊரிலிருக்கும் அலுவலகம், இரண்டாவது கால்வாய் வேலை, மூன்றாவது திருமுக்கூடல் பக்கம் பாலாற்று வேலை. நான் ஒன்றைச் சரிசெய்து தரும்போது இன்னொன்றில் ஓர் எண்ணை மாற்றி எழுதினேன். அவள் அந்த இடத்துக்கு வேலைக்குப் போகும்போது கோளாறு தெரியும். திரும்பி வருவாள். ஒன்றரை வருடத்தில் ஒன்பது முறை வந்தாள். இதில் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆளுக்கு ஆள் கூப்பிடும் தூரத்தில்தான் வேலை நடந்தது.

ஒருமுறை அவள் சொன்னாள். "அண்ணா, இது ஓயாம மக்கர் பண்ணிக்கினே இருக்குதுண்ணா. வேற செட்டு வாங்கிக் குடுங்கன்னு இன்ஜினியர்கிட்ட சொல்லிட்டேன்."

அன்று மாலையே இன்ஜினியர் தினேஷுக்குப் போன் செய்தேன். புதுச் செட்டுகள் மழையில் நிற்காது, இது இரும்பு மாதிரி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் என்னை நம்பினார். நான் சொன்னதும் பொய்யில்லை. அந்த ரகம் நல்ல ரகம்.

ஐப்பசியில் அவள் கால்வாயில் இருந்தாள். மழைக்காலத்தில் ஆற்றுக்குள் வேலை நடக்காது. அதனால் இந்தத் தடவை மூன்றாம் சேனலை மாற்றி எழுதினேன். பொங்கல் கழித்து ஆற்றுக்குப் போவாள், தை மாதம் என் கடைக்கு வருவாள் என்று நினைத்தேன். பொறுப்பில்லாமல் செய்தேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. யோசித்துத்தான் செய்தேன்.

கார்த்திகையில் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்கே தெரியும். இரண்டு நாள் மழைக்குப் பிறகு செய்யாற்றிலிருந்து தண்ணீர் அதிகமாக வருவதாகத் தகவல். ஆற்றின் நடுவே இருந்த மணல்மேட்டுக் கொட்டகையில் காவல்காரர் முனிசாமி பம்பைக் காத்துக்கொண்டு தங்கியிருந்தார். அறுபது வயது, காது மந்தம். போன் எடுக்கவில்லை. விடுமுறை நாளில் வேறு ஆள் இல்லாததால் அவரைக் கூட்டி வரக் கால்வாயிலிருந்து ஷாரோனைப் போனில் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவளுடைய போன் கரையிலிருந்த முகாமில் சார்ஜில் கிடந்தது. கையில் செட் இருக்கிறதே என்று இறங்கிப் போய்விட்டாள். மேட்டை அடைந்தபோது பின்னால் வழி இல்லை.

முகாமில் செட் முன்னால் உட்கார்ந்திருந்தவர் சத்யராஜ். மரங்களும் மழையும் மறைத்ததில் அவருக்கு மேடு தெரியவில்லை. போனவர்கள் மறுகரை ஏறிவிட்டார்களா, இன்னும் மேட்டில்தானா என்று தெரியாமல் செட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். படகும் கயிறும் அவருக்குப் பின்னால் நாற்பதடி தூரத்தில் இருந்தன.

சத்யராஜ் உங்களிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். "செட்டுல பச்சை லைட் எரிஞ்சி எரிஞ்சி அணைஞ்சுது சார். சத்தம் வரல. சத்தியமா வரல." அதை நீங்கள் நம்பவில்லை. தூங்கிவிட்டார், அல்லது சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டார் என்று எழுதினீர்கள். தொழில் தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது, குரல் வராமல் விளக்கு மட்டும் எரிய வாய்ப்பே இல்லை என்றேன். அவர் சொன்னது முழுக்க உண்மை. தவறான டோனில் யாராவது பேசினால் விளக்கு அப்படித்தான் எரியும்.

அடக்கத்தன்று தாவீது அவரிடம், "பக்கத்துலதானே இருந்த சத்யா, எம் பொண்ணு கூப்டது உனுக்குக் கேக்கலியாபா?" என்று மட்டும் கேட்டாராம். ஜாமீனில் வந்ததிலிருந்து சத்யராஜ் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை என்கிறார்கள்.

புதன்கிழமை செட் சேற்றில் கிடைத்தது. இன்ஜினியர் அதை என்னிடமே கொண்டு வந்தார். காயவைத்து, கேபிளில் மாட்டினேன். அன்றைக்கு முதல் முயற்சியிலேயே திறந்துகொண்டது. மூன்றாம் சேனலில் நான் எழுதிய எண் அப்படியே இருந்தது. அதை அழித்துச் சரியான எண்ணை எழுதி, செட்டில் குறையில்லை என்று காகிதம் கொடுத்தேன். கடைசியாக எழுதிய தேதி செட்டின் நினைவில் பதிவாகும் என்பது எனக்குத் தெரிந்ததுதான். அவசரத்தில் மறந்துவிட்டேன். சென்னையில் யாரோ அதைப் படித்து, அவள் இறந்து மூன்று நாள் கழித்து எழுதப்பட்டிருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். நல்ல வேலைக்காரர்.

தேதியை வைத்து இதுவரைக்கும்தான் உங்களால் வர முடியும். மீதியை நானாகச் சொல்கிறேன்.

என் கடை மொட்டைமாடியில் உயரமான ஏரியல் இருக்கிறது. கடைச் செட்டில் மூன்றாம் சேனலைக் கேட்பதற்கு மட்டும் டோன் இல்லாமல் வைத்திருக்கிறேன். யார், எந்த எண்ணில் பேசினாலும் எனக்குக் கேட்கும். அவள் குரலுக்காகத்தான் அப்படி வைத்தேன். அந்த ஞாயிறு மதியம் மூன்று மணிக்குக் கடையில் இருந்தேன்.

முதலில் அவள் வழக்கம்போலத்தான் பேசினாள். "கேம்ப், கேம்ப், ஷாரோன் பேசறேன். மேட்டுல மாட்டிக்கினோம். படகு அனுப்புங்க." பதிலுக்குச் சத்யராஜ் கூப்பிட்டார். "ஷாரோன்மா, எங்கம்மா இருக்கீங்க? பேசுங்கம்மா." அது அவளுக்குக் கேட்டது. அவள் பேசியது அவருக்குக் கேட்கவில்லை. அவர் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் அவள் பதில் சொன்னாள். மற்ற சேனல்களுக்கும் மாற்றிப் பார்த்திருக்க வேண்டும், இடையிடையே குரல் நின்று நின்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் இல்லை. தண்ணீர் முட்டிக்கு வந்துவிட்டது என்றாள். முனிசாமியைக் கொட்டகைக் கம்பத்தில் துப்பட்டாவால் கட்டியிருப்பதாகச் சொன்னாள். பிறகு அவரிடம் சொல்வது கேட்டது. "பழைய செட்டு தாத்தா. அண்ணன் நல்லாதான் பண்ணிக் குடுத்தாரு. அவரு மேல தப்பு இல்ல."

இதைக் கவனியுங்கள் சார். அவளே சொன்னாள்.

மைக் என் கையில் இருந்தது. நான் பேசினால் சரியான டோனோடு என் குரல் முகாம் வரைக்கும் போகும். மேட்டில் இரண்டு பேர் என்று சொல்லியிருந்தால் போதும். சத்யராஜ் ஐந்து நிமிடத்தில் படகை இறக்கியிருப்பார். போனும் மேசை மேல்தான் இருந்தது. ஆனால் யாருக்கும் கேட்காதது உனக்கு மட்டும் எப்படிக் கேட்டது என்று பிறகு கேட்பார்கள். செட்டைத் திறப்பார்கள். அவளுக்குத் தெரிந்துவிடும். ஒன்பது முறையும் எதற்காக வந்தாள் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் அவள் என் கடைப் படி ஏறமாட்டாள். அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சத்யராஜே எப்படியும் போய்ப் பார்ப்பார் என்றும் நினைத்தேன். மூன்று நாற்பதுக்குப் பிறகு அப்படி நினைக்கவில்லை. அப்போதும் பட்டனை அழுத்தவில்லை.

மூன்று ஐம்பத்திரண்டுக்குச் செட் நின்றது.

ஷாரோனையும் முனிசாமியையும் நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் உங்கள் அறிக்கையில், அவள் கூப்பிட்டது கடைசிவரை ஒருவருக்கும் கேட்கவில்லை என்று ஒரு வரி இருக்கிறது. அதைத் திருத்திவிடுங்கள். மேரியம்மாவிடமும் சொல்லுங்கள், அந்தத் தாய்க்கு ஆறுதலாக இருக்கும். ஐம்பத்திரண்டு நிமிடமும் நான் எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை. அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டு அவளோடுதான் இருந்தேன்.