கீழமடையில் சேதி எழுதிய அங்கம்மாள்

காலில்லாமல் ஊர் சுற்றும். போகப் போகப் பெருகும். திரும்பி வரும்போது பெற்ற வீட்டுக்கே அடையாளம் தெரியாது. அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம். புரளியா? சரிதான், நீ முன்னால் வந்து உட்கார்.

ரொம்பக் காலத்துக்கு முன்னால், கண்மாய்க் கரையோரம் கீழமடை என்று ஓர் ஊர். அங்கே அங்கம்மாள் என்று ஒருத்தி. என் பாட்டனாருக்கு அத்தை முறை. மதுரைப் பத்திரிகைக்குச் சேதி எழுதி அனுப்புவாளாம். பொம்பளைக்கு எதற்கு ஊர்ச் சேதி என்று எல்லோருக்கும் சந்தேகம். போலீசுக்கு ஆள் என்றார்களாம். வரிக்காரனுக்கு ஆள் என்றார்களாம். அவள் வந்தால் பேச்சு நின்றுவிடுமாம்.

அவளைச் சோதிக்க, கோயில் காளை செத்துப்போச்சு என்று ஒரு பொய்யைச் சொல்லிப் பார்த்தார்களாம். அவள் தொழுவத்துக்கே போனாளாம். காளை வைக்கோல் தின்றுகொண்டிருந்ததாம். பத்திரிகையில் ஒன்றும் வரவில்லை.

"நாம சொன்னதை நம்பாம போய்ப் பார்த்திருக்கா. வேவு பார்க்கிறவளேதான்" என்றார்களாம்.

அந்த ஐப்பசியில் கண்மாய் உடைந்து பள்ளத்து வயலெல்லாம் போச்சாம். கரையில் மண்வெட்டித் தடம். மடை காக்கும் இருளாண்டிதான் வெட்டினார் என்று ஊர் பேசியது. அவரை விரட்டச் சாவடியில் கூடினார்கள்.

அங்கம்மாள் நடுவில் வந்து நின்றாளாம். "இதை எழுதப்போறேன். அவர் வெட்டினதைப் பார்த்தவங்க கண்ணைத் தொடுங்க. கேள்விப்பட்டவங்க காதைத் தொடுங்க."

ஒரு கை காதுக்குப் போனது. அடுத்த கையும் காதுக்குப் போனது. எல்லாக் கையும் காதுக்கே போனதாம்.

அப்போது அவள் மகள் பேச்சி, சின்னப் பிள்ளை, எழுந்தாள். "வெட்டினது இருளாண்டி தாத்தா இல்லம்மா. நம்ம மாமா..." என்று ஆரம்பித்தவள், மாமன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாளாம். மாமன் என்றால் அங்கம்மாளின் அண்ணன். அவர் வீட்டுச் சோற்றில்தான் தாயும் மகளும் இருந்தார்கள். அவர் வயல் கண்மாய்க்கு உள்வாயில், தண்ணீர் ஏறுகிற பக்கம்; கண்மாய் நிரம்பினால் முதலில் முங்குவது அதுதான், கரை உடைந்தால் தப்புவதும் அதுதான்.

"பிள்ளை கனாக் கண்டிருக்கும்" என்றாராம் அவர்.

ஆத்தாளும் மகளும் பேசிவைத்துக்கொண்டு ஆடுகிறார்கள் என்றதாம் கூட்டம்.

அங்கம்மாள் மகள் முன்னால் குனிந்தாளாம். "நீ கண்ணைத் தொட்டா உன் மாமன் பேரை எழுதுவேன். அப்புறம் அந்த வீட்டுல நமக்கு இடமிருக்காது. காதைத் தொட்டா தாத்தா ஊரை விட்டுப் போகணும். நீயே சொல்லு."

இன்றைக்கும் கீழமடையில் சேதி கொண்டுவருகிறவர் கண்ணையோ காதையோ தொட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அது அன்றைக்குத் தொடங்கிய வழக்கமாம்.

பேச்சி கண்ணைத் தொட்டாள்.