மாமியாரை மிதித்தவள்

யுத்த காலத்தில் ஒருநாள், பட்டாள ரயிலுக்கு வழிவிட்டு எங்கள் வண்டி அரியலூரில் நின்றுவிட்டது. அந்தக் காலத்து வண்டியில் பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. இப்போது நினைத்தாலும் இனிக்கிறது. எதிரே இருந்த இளம்பெண் பக்கத்துக்காரியிடம் சொன்னதைக் கேட்டதும், மடியிலிருந்த முறுக்கைக்கூட மறந்துவிட்டேன்.

“எங்க மாமியார நான் மிதிச்சிட்டேன்க்கா.”

“அடிப்பாவி! எதுக்குடி?”

“ஒன் ஆத்தா வூட்டுக்கே ஓடுன்னு என் பொட்டியத் தூக்கி வெளிய வீசப் போச்சு. இடுப்பு புடிச்சிக்கிச்சு. குனிஞ்சது நிமிர முடியல. காலு முன்ன வந்து பொறந்தவங்க மிதிச்சாத்தான புடிப்பு வுடும்? எங்க தெருவுலயே அப்படிப் பொறந்தவ நான்தான்.”

“மெதுவா மிதிச்சியா?”

“மொத மிதி பூவாட்டம். ரெண்டாவதுல கொஞ்சம் கோவமும் எறங்கிடுச்சு.”

அந்த அக்காவுக்குச் சிரிப்பில் வெற்றிலை புரையேறியது.

“நிமுந்துச்சா?”

“மடக்குன்னு ஒரு சத்தம். எந்திரிச்சு உக்காந்துச்சு. இப்பக் கெளம்பவான்னு கேட்டேன்.”

“என்னா சொன்னுச்சு?”

“இடுப்பத் தடவிக்கிட்டே, ‘மொதல்ல காலக் கழுவிட்டு வந்து சோறு தின்னுடி’ன்னுச்சு.”