இடது காலுக்கு வேலை இல்லை

அந்த நாற்காலி வேணாம் தம்பி, ஒரு பக்கம் ஆடும். இப்படி ஜன்னல்கிட்ட வாங்க. போலீஸ்காரங்க இந்த வீட்டுக்கு வந்தா நின்னுக்கிட்டே அதட்டிட்டுப் போவாங்க, அதுதான் வழக்கம். நீங்கதான் மொதல் ஆளா உக்கார்றீங்க. உக்காருங்க.

என்ன நடந்துச்சுன்னுதானே கேக்கறீங்க? அதைத்தான் அப்போதிலேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன். குத்தவாளி அந்த வண்டி. உங்க ஸ்டேஷன் வாசல்ல பின்பக்கம் நசுங்கி நிக்குதே, அதேதான். என் மருமகன் அதை வாங்கினதிலேருந்து எட்டு மாசமா தலைபாடா அடிச்சுக்கறேன், எவன் கேட்டான்?

ஆட்டோமேடிக்காம். தூ. கியர் மாத்த வேணாமாம், கிளட்ச் கெடையாதாம், குச்சியை ஒரு தடவை இழுத்து விட்டா அதுபாட்டுக்குப் போகுமாம். மேட்டுல இன்ஜின் முக்குதா, இறக்கத்துல திமிறுதா, ஓட்டறவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. கியர் வண்டியில அப்படியா? மேடு வந்தா உள்ளங்கையிலயே தெரியும். செகண்டுக்கு எறக்குய்யான்னு வண்டியே கேக்கும், நாம எறக்குவோம். அதுக்குப் பேரு பேச்சுவார்த்தை. இதுல பேச்சுவார்த்தையே கெடையாது தம்பி. உள்ள கண்ணுக்குத் தெரியாம ஒரு மேனேஜர் உக்காந்திருக்கான். நீங்க மிதிக்கறது வெறும் மனு. அவன் அதை வாங்கிப் படிச்சு, யோசிச்சு, அரை நொடி கழிச்சு ஆர்டர் போடுவான்.

அதுகூடப் போகட்டும். இந்த இடது கால் இருக்கே, முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டின கால். ஒரு நாளைக்கு ஆயிரம் ரெண்டாயிரம் தடவை கிளட்ச் மிதிச்ச கால். அந்த வண்டியில இதுக்கு ஒரு வேலையும் இல்ல. ஓரமா ஒரு பலகையை வெச்சிருக்கான், அங்க கம்முனு கெடன்னு. நோட்டீஸ் கெடையாது, விளக்கம் கேக்கறது கெடையாது. எங்க தொழிற்சங்கத் துண்டறிக்கையில இதுக்கு ஒரே வார்த்தைதான். ஆட்குறைப்பு.

சிரிங்க, சிரிங்க. மருமகனும் இப்படித்தான் சிரிச்சார். டிராஃபிக்ல கால் வலிக்காது மாமான்னார். கால் வலிக்கக்கூடாதுன்னா வீட்டுல படுத்துக்க வேண்டியதுதானேன்னேன். அவர் ஸ்கூல் பஸ் ஓட்டறார். நாள் பூரா கியர் போட்டுக் கை அசந்து போய், சொந்த வண்டியாவது தானா ஓடட்டும்னு வாங்கினார். நல்ல மனுஷன்தான். என்ன, கூட்டத்துல எழுந்து நின்னு ஒரு கேள்வி கேளுங்கன்னா தலையைச் சொறிவார்.

தெரியும் தம்பி. பின்னால வந்த வேன்காரர், காரணமே இல்லாம நடுரோட்டுல பிரேக் அடிச்சாங்கன்னு எழுதிக் குடுத்திருக்கார். பொய்யில்ல. முன்னால ஒரு நாய்கூட இல்ல. என் வீட்டுக்காரி பின் சீட்டுல இருந்தா, கண் டாக்டர்கிட்ட காட்டிட்டுத் திரும்பிக்கிட்டிருந்தோம். முன் சீட்டுல போய் இடிச்சதுல தோள்பட்டை எலும்பு ரெண்டாப் போச்சு. மாத்திரை போட்ட தூக்கத்துலயும் முனகறா. மருமகன்தான் இப்ப ஆஸ்பத்திரியில பக்கத்துல இருக்கார்.

அந்தப் பேப்பரைக் குடுங்க. இருங்க, கண்ணாடி... ம். வாகனத்தை ஓட்டியவர், மருமகன். அருகில் அமர்ந்திருந்தவர், மாமனார். கையெழுத்து முத்து முத்தா இருக்கு. அவரா வந்து சொன்னாரா? சொல்வார், சொல்வார். கீழ நான் சாட்சிக் கையெழுத்துப் போடணும். அவ்வளவுதானே?

நான் ஒண்ணு கேக்கறேன். இந்தக் கேஸ் பதிவாச்சுன்னா ஸ்கூல்ல அவரை என்ன பண்ணுவாங்க? பிள்ளைங்க ஏறுற வண்டி. சாவியை வாங்கி வெச்சுட்டு, விசாரணை முடியட்டும்பாங்க. விசாரணை முடியறதுக்குள்ள அந்த சீட்டுல வேற ஆள் உக்காந்திருப்பான். எத்தனை பேருக்கு நடந்து பாத்திருக்கேன்.

டிப்போவுல நான் சங்கச் செயலாளரா இருந்தப்ப ஒரு பஸ் பிரேக் புடிக்காம சுவத்துல போய் மோதுச்சு. பிரேக் சரியில்லன்னு மூணு தடவை எழுதிக் குடுத்த பஸ். டிரைவர் அசந்துட்டார்னு டைப் அடிச்சு என் முன்னால நீட்டினாங்க. கையெழுத்துப் போட்டா சங்கத்துக்குத் தனி ரூமாம், ஃபேன் வெச்சு. போடல. பதினோரு மாசம் சஸ்பென்ஷன்ல கெடந்தேன். அடுத்தவன் தலையில தப்பைக் கட்டற பேப்பர்ல இந்தக் கை எறங்கினதில்லன்னு எத்தனை வாயிற்கூட்டத்துல முழங்கியிருக்கேன், கைதட்டல் வாங்கியிருக்கேன்.

இன்னிக்குக் காலையில அவர் கெளம்பும்போது, ஒரு கையெழுத்து மாமா, நான் பாத்துக்கறேன்னார். நான் சரின்னு தலையை ஆட்டினேன். நீங்க கதவைத் தட்டும்போது பேனா மேசை மேல ரெடியா இருந்துச்சு. நானே எடுத்து வெச்சது. வண்டியைத் தூன்னேனே, அந்தப் பேனாவை எடுத்து வெச்ச கைக்கும் ஒரு தூ.

அந்தப் பேப்பரை மடிச்சு உள்ள வெச்சுட்டு வேற தாள் எடுங்க.

டாக்டர்கிட்டேருந்து வெளிய வந்ததும் வீட்டுக்காரி சொன்னா, எட்டு மாசமா வண்டியைத் திட்டறதுக்கு, எனக்கு இதை ஓட்டத் தெரியாதுன்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போகலாமேன்னு. மருமகன் கையிலேருந்து சாவியைப் புடுங்கினேன். கொஞ்ச தூரம் நல்லாத்தான் வந்தேன். ஒரு வளைவு வந்துச்சு. செகண்டுக்கு எறக்கற இடம். இந்த இடது கால் தானா எழுந்து போய், கிளட்ச் இருக்க வேண்டிய எடத்துல மிதிச்சுது, அடி வரைக்கும். அங்க இருந்தது அகலமா ஒரு பிரேக். வேலையை விட்டுத் தூக்கினதை யாரும் அதுகிட்ட சொல்லலையே தம்பி. வழக்கம்போல டூட்டிக்கு வந்துடுச்சு.

லைசென்ஸா? முடிஞ்சு நாலு மாசம். கண் பரிசோதனைக்கு வரிசையில நில்லுன்னான், ரோஷப்பட்டுத் திரும்பி வந்துட்டேன். அதையும் எழுதுங்க, ஒரு வரி விடாதீங்க. ஓட்டியவர்ங்கற எடத்துல மாமனார்னு போடுங்க. அந்த மேசை மேல இருக்கற பேனாவை இப்படிக் குடுங்க.