லைசென்ஸைக் காப்பாற்ற ஒரு மாலை

"அய்யப்பனுக்கு மாலை போட்டுகினு போ நைனா. உன் லைசென்ஸ்ல கையே வைக்க மாட்டாங்க."

அண்ணனூர் தாண்டிய மின்சார ரயிலில், வாசலோரம் நின்றிருந்த நடுவயதுக்காரர் இப்படிச் சொன்னதும் நான் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்த இளைஞர் குடித்துவிட்டு பைக் ஓட்டி மாட்டியவர். கோர்ட்டில் ஒப்புக்கொண்டு அபராதமும் கட்டிவிட்டாராம். லைசென்ஸை ஏன் முடக்கக் கூடாது என்று அடுத்த வாரம் ஆர்டிஓ ஆபீசில் பதில் சொல்ல வேண்டுமாம்.

"வண்டி இல்லாம வேலைக்குப் போவ முடியாதுன்னா பத்தாதா அண்ணாத்தே?"

"இப்ப இன்னாத்துல போய்கினு கீற?"

இளைஞர் பிடித்திருந்த கம்பியைப் பார்த்தார். நடுவயதுக்காரரே தொடர்ந்தார்.

"மாலை போட்டவன் குடிக்க மாட்டான்னு ஆபீசருக்கும் தெரியும். வாய் நெறைய சாமின்னு கூப்ட்டுட்டு, எப்டிப்பா லைசென்ஸப் புடுங்குவாரு?"

"மாலை போட்டா எத்தினி நாளு குடிக்கக் கூடாது?"

"ஒரு மண்டலம். சொட்டு கூட ஆவாது."

"லைசென்ஸ் போச்சுன்னா?"

"ஆறு மாசம் வண்டியத் தொடக் கூடாது."

அம்பத்தூர் வரும்வரை இளைஞர் வெளியே பார்த்துக்கொண்டே நின்றார். இறங்கும்போதுதான் சொன்னார்.

"ட்ரெயினே சவுகரியமாத்தான் கீது, அண்ணாத்தே."