மூன்று மணி அழைப்பை எடுத்த அக்காவுக்கு

அன்பே உருவாய், அமைதியே அணியாய், முப்பத்தோராண்டுகள் இம்மருத்துவமனையின் செவியாகவும் குரலாகவும் விளங்கி, இன்று பணி நிறைவு பெறும் தொலைபேசி இணைப்பகத்தின் தலைமகளே! எல்லோர் வாயிலும் புழங்கும் எங்கள் எக்ஸ்சேஞ்ச் அக்காவே! வணக்கம்!

வேதாகமத்தை வாசிப்போர் பலர். வாசித்ததை வேலைக்குக் கையோடு கொண்டு வந்தவர் நீங்கள்! விடியலில் ஒரு பகுதி வாசிப்பீர்கள். அதில் அன்றைக்குச் செய்ய வேண்டியது எதுவோ, அதை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதி மேசைக் கண்ணாடியின் அடியில் செருகுவீர்கள். காணிக்கை வைக்குமுன் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும் என்று வாசித்த நாளில், சீட்டில் இருந்தது ஒரே சொல்: 'எலெக்ட்ரீஷியன்'. மின்விசிறிச் சண்டையில் எட்டு மாதம் முகம் பாராதிருந்தவரின் ஏணிக்குக் கீழே போய் நின்று, "தப்பு என் மேலதான் தம்பி, இறங்கி வாங்க" என்றீர்கள். மனிதர் இறங்கவில்லை, விழாத குறைதான்! நாவைப் பற்றி வாசித்த நாளிலோ, 'கேன்டீனில் கதை வேண்டாம்' என்று எழுதினீர்கள். அன்று உங்களைவிட நாங்கள்தான் அதிகம் தவித்தோம்.

இனி, எழுதக் கை கூசுவதையும் எழுதியாக வேண்டும். பூட்டிக் கிடக்கும் பழைய வார்டிலிருந்து, பிற்பகல் சரியாக மூன்று மணிக்கு, நாள் தவறாமல் அழைப்பு வருவதாக இணைப்புப் பலகையில் ஒரு விளக்கு எரியும். அங்கே தொலைபேசியே கிடையாது. எலெக்ட்ரீஷியன் போய்க் கம்பியையும் வெட்டிவிட்டு வந்தார்; மறுநாளும் எரிந்தது. ஐயோ, அதைக் கண்டு நாங்கள் செய்தது என்ன! வேலை இருப்பதுபோல் வெளியே நழுவினோம்; விளக்கின் மேல் காகிதம் ஒட்டினோம்.

அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப் போன இருவரைப் பற்றி நீங்கள் வாசித்த நாள் வந்தது. "விலகிப் போனவங்க கெட்டவங்கன்னு யாரு சொன்னா? பயந்திருப்பாங்க, நம்மள மாதிரி" என்றபடி காகிதத்தைக் கிழித்தீர்கள், அழைப்பை எடுத்தீர்கள். "சொல்லுங்க, நான் இருக்கேன்" என்றீர்கள். மறுமுனையில் மூச்சு மட்டும், ஈரத் துணியைத் தரையில் மெல்ல இழுப்பதுபோல. மூன்று நிமிடம் கேட்டுவிட்டு வைத்தீர்கள். அன்று தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள்! உங்கள் கையும் நடுங்கியதை நாங்கள் பார்த்தோம். நடுங்கிக்கொண்டே எடுத்தீர்களே, அதற்காகத்தான் உங்களுக்குத் தலைவணங்குகிறோம்.

பணி நிறைவு நெருங்க நெருங்க உங்களுக்கு ஒரே கவலை. "நான் போனப்புறம் அத யாரு எடுப்பீங்க?" என்று ஆள் ஆளாகக் கேட்டீர்கள். நாங்கள் ஆள் ஆளாகப் பேச்சை மாற்றினோம்.

ஆகவே, மறைத்ததை இன்று அறிக்கையிடுகிறோம். போன வாரம், காய்ச்சலால் நீங்கள் வராத செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்கு எரிந்த விளக்கு அரை மணியாகியும் அணையவில்லை. பதிவுப் பிரிவு எழுத்தர் எடுத்தார். அவர் நாற்காலியைச் சுற்றி நாங்கள் நின்றோம். அதே மூச்சு. பிறகு, பதினான்கு ஆண்டுகளில் முதல் முறையாக, ஒரு குரல். ஆணா பெண்ணா, சொல்லத் தெரியவில்லை.

"அவங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்றது.

எங்களுக்கு உயிரே போய்விட்டது. எழுத்தர் பதில் சொல்லாமல் வைத்துவிட்டார். உங்களிடம் சொல்லவும் வாய் வரவில்லை. மன்னியுங்கள் அக்கா!

இன்று காலை நாங்கள் கூடி அமர்ந்து, அடிபட்டுக் கிடந்தவனைப் பற்றிய அந்தப் பகுதியை வாசித்தோம். நாளை முதல் மூன்று மணிக்கு யார் யார் எடுப்பது என்று முறை வைத்துக்கொண்டோம். முதல் நாள் எழுத்தர்; அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் எலெக்ட்ரீஷியன். சொல்ல வேண்டிய பதிலையும் முடிவு செய்துவிட்டோம்: "நல்லா இருக்காங்க."

ஆதலால் அக்கா, நீங்கள் நோய் நொடியின்றி நெடுங்காலம் வாழ வேண்டும்! ஒவ்வொரு நாளும் அந்தக் குரலுக்கு நாங்கள் சொல்வது உண்மையாக இருக்கும்படி வாழ வேண்டும்!

நன்றியோடும் நடுக்கத்தோடும்,
மருத்துவமனை ஊழியர்கள்